பி.எஃப். பணம் எங்கே சிக்குகிறது?

ஆசிரியருக்கு,

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலையை விட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்துக்கு அலைவது வாடிக்கை. பாதிச் சிக்கல் நம்மூர் இனிஷியலால்! ஆதாரில் 'முருகன் எஸ்', பி.எஃப். கணக்கில் வெறும் 'முருகன்' என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடக்கூடும். இன்னொன்று, விலகிய தேதியை ஒப்பந்ததாரர் பதியாமல் விடுவது. கடைசிச் சந்தாவுக்கு 2 மாதம் கழித்து, பி.எஃப். இணையதளத்தில் 'மேனேஜ்' பகுதியின் 'மார்க் எக்ஸிட்' மூலம் ஆதார் ஓ.டி.பி. போட்டுத் தொழிலாளியே பதியலாம். தேதியைத் தவறாகப் பதிந்தால் திருத்துவது பெரும்பாடு.

12% பிடித்ததைத்தான் சம்பளச் சீட்டு காட்டும்; கட்டினார்களா என்பது பாஸ்புக்கில்தான் தெரியும். கட்டுவதற்குக் கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. ஒப்பந்ததாரர் ஏய்த்தால் அவர் மூலம் வேலை வாங்கும் முதன்மை நிறுவனமே பொறுப்பு என்கிறது சட்டம். அப்படியிருக்க, ஒப்பந்ததாரரின் பில்லை பாஸ் செய்யும்முன் பி.எஃப். கட்டிய சலானைக் கேட்டு வாங்க நிறுவனங்களுக்கு என்ன தயக்கம்?

- ஒரு வாசகர், சென்னை