வீட்டுக்குள் கோட்டு எதற்கு?

அம்மாடி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணன் வந்துவிட்டுப் போனான். நிலத்து விவகாரம் பழைய இடத்திலேயே நிற்கிறது, அதை அவனே எழுதுவான். நான் எழுத வந்தது வேறு.

செவ்வாய்க்கிழமை வீடியோவில் பேசினாயே, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கழுத்துவரை கோட்டு எதற்கு? இப்போதுதான் வெளியிலிருந்து வந்தேன் என்றாய். பாப்பா ஃபோனைத் தட்டிவிட்டபோது உன் காலைப் பார்த்தேன். காலுறைக்கு மேல் காலுறை. உன் அம்மா கவனிக்கவில்லை, நானும் அவளிடம் சொல்லவில்லை. உங்கள் ஊரில் அப்போது நடுப்பகல். அன்றைக்கு உனக்கு விடுமுறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹீட்டர் செலவைக் குறைக்கிறாய் போலிருக்கிறது. குறைக்க வேண்டியதுதான், நான் வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் குறைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. குளிர்பதனக் கிடங்கிலேயே காலத்தைக் கழித்தவன் நான். குளிரை உள்ளே அடைத்து வைப்பதற்கும் சூட்டை உள்ளே அடைத்து வைப்பதற்கும் கணக்கு ஒன்றுதான். சூடு எப்போதும் குளிர்ந்த பக்கம் பார்த்துத்தான் போகும். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் கூடக் கூட அது போகிற வேகமும் கூடும். கிடங்கில் மின்சாரம் அதிகம் இழுக்கிறது என்றால் நாங்கள் இயந்திரத்தைப் பிரிக்க மாட்டோம். முதலில் கதவைத்தான் பார்ப்போம்.

நீயும் கதவிலிருந்து தொடங்கு. ஒரு தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து மூடு. பிறகு தாளை இழு. கையைக் கடித்துக்கொண்டு வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பட்டை செத்துவிட்டது. மேலே, நடுவில், கீழே, கீல் பக்கம் என்று எல்லா இடத்திலும் இழுத்துப் பார்க்க வேண்டும். கீல் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, ஓட்டை அங்கேதான் இருக்கும். ஜன்னலுக்கு ஊதுபத்தி போதும். காற்று பலமாக அடிக்கிற நாளில் ஒன்றைக் கொளுத்திச் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்து, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு. புகை நேராக எழும்பினால் கவலை இல்லை. சாய்ந்தாலோ சுழன்றாலோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுவை. ஒட்டும் பட்டை ஒரு சுருள் வாங்கினால் பாதி வேலை முடிந்தது. கதவின் அடியில் பழைய துணியைச் சுருட்டி வை.

இருட்டும் முன் திரைச்சீலையை இழுத்துவிடு, பகலில் வெயில் விழுகிற பக்கம் திறந்துவை. ஆனால் திரைச்சீலை, சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் தொங்கக் கூடாது. உன் சோபாவும் அதை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது. நீ கட்டுகிற காசில் சோபாவின் முதுகுதான் காய்கிறது. ஒரு சாண் தள்ளிப் போடு. ரேடியேட்டரின் அடிப்பக்கம் சூடாகவும் மேல்பக்கம் குளிர்ந்தும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை வெளியேற்ற ஓரத்தில் சின்னத் திருகு இருக்கும். வாடகை வீடு, அதனால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே தொடு.

தெர்மோஸ்டாட்டில் 1 டிகிரி குறைத்தால் சூடாக்கும் செலவில் ஏறக்குறைய 7 சதவீதம் மிஞ்சும் என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. வீட்டில் ஆள் இல்லாத நேரம், நாளுக்கு எட்டு மணி நேரம் நாலைந்து டிகிரி இறக்கி வைத்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை மிஞ்சும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் செலவு கூடும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதே. நீ வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் (போகிறாய்தானே?) இதைத் தாராளமாகச் செய்யலாம்.

ஆள் இருக்கும்போது 18 டிகிரிக்குக் கீழே இறக்காதே. இது அப்பாவின் பிடிவாதம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது அவ்வளவு வேண்டும் என்று இருக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே தேவைப்படலாம்.

பாப்பாவின் அறையை மட்டும் சூடாக வைத்துவிட்டு நீ கூடத்தில் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறாய் என்பது என் சந்தேகம். இல்லை என்றால் சந்தோஷம். இருந்தால் கேள்: சூடான அறையின் ஈரக்காற்று கதவிடுக்கு வழியாகக் குளிர்ந்த அறைக்குப் போய்ச் சுவரில் வேர்க்கும். பிறகு மூலையில் கறுப்பாகப் பூசணம் பூக்கும். பாப்பாவின் இருமல் எதனால் என்று நான் சொல்லப் போவதில்லை, நான் டாக்டர் இல்லை. சுவரைத் தடவிப் பார் என்கிறேன். துணியை அறைக்குள் காயப்போட்டால் தினமும் சில நிமிடம் ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டு மூடு. நாள் முழுக்க ஒரு விரல்கடை திறந்து வைப்பது வீண், சுவரெல்லாம் குளிர்ந்துவிடும். எந்த அறையையும் அடியோடு அணைக்காதே. 18 டிகிரிக்குக் கீழே இறக்காதே.

தனி மின்சார ஹீட்டர் வாங்கியிருந்தால் அதில் ஒரு கணக்கு உண்டு. 1500 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். அதே எட்டு மணி நேரத்துக்கு 100 வாட் மின்கம்பளம் ஒரு யூனிட்டைக்கூடத் தொடாது. எண்ணெய் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர் என்று விலையைப் பார்த்து மயங்காதே. ஒரு யூனிட்டுக்கு எல்லாம் ஒரே சூட்டைத்தான் தரும். இந்தக் கணக்கெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டுமா? மாமா வீட்டு மீட்டர் விவகாரத்தில் பெரியவர்கள் எல்லோரும் விழித்துக்கொண்டு நிற்க, நோட்டைக் கொண்டுவந்து போட்டவள் நீ. இன்றைக்கும் அதை நான் சொல்லாத ஆள் இல்லை. அவ்வளவு கணக்குத் தெரிந்தவளுக்கு, கை கடிக்கிறது என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

பில் பாக்கி விழுகிற மாதிரி இருந்தால், விழும் முன்பே அவர்களுக்கு ஃபோன் செய். பல இடங்களில் தவணையாகக் கட்ட வழி வைத்திருப்பார்கள். நோட்டீஸ் வந்தபிறகு பேசுவது வேறு பேச்சு. ஜன்னல் சட்டம் பழுது என்றால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் எழுது, வாயால் சொல்லாதே.

உன் அம்மாவின் கண் பரிசோதனை முடிந்தது, பயப்பட ஒன்றுமில்லை. சித்தி பெண்ணுக்கு இடம் பார்க்கிறார்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ மாதாமாதம் அனுப்புவதில் கடந்த சில மாதப் பணத்தை நாங்கள் தொடவே இல்லை. எங்களுக்குப் பென்ஷன் இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் ஒரு மாதம்கூட நாள் தவறாமல், ஒரு காசு குறையாமல் வந்திருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. அடுத்த மாதம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், வங்கியில் அதற்கான படிவத்தை வாங்கி வைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் என் எண்ணுக்கு மட்டும் பேசு. மத்தியானம் அவள் தூங்குவாள்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: எவ்வளவு குளிரானாலும் சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது; தலைவலி என்று படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. அதற்கான அலாரத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்திப் பார். சத்தம் வராவிட்டால் இன்றைக்கே பேட்டரியை மாற்று.