ராகப் பெயர் இல்லாத பாட்டுப் புத்தகம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் மலையகக் கிறிஸ்தவ ஆலயங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். பாட்டைத் திரையில் காட்டும் மல்டிமீடியா வந்த பிறகு கீர்த்தனைப் புத்தகத்துக்கு அலுமாரிதான் இடம், வயதானவர்கள்தான் பழக்கத்தில் இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. எழுதியவர் இளைஞராக இருக்கலாம், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தாங்கள் விஷயம் தெரிந்தவர். தங்கள் கண்ணைத் தாண்டி அந்த வரி அச்சானதுதான் எனக்கு வருத்தம்.

கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய பாட்டுகளையும் மற்றவர்களுடையதையும் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் பாதிரியார் 1853இல் தொகுத்து அச்சிட்ட காலத்தில், எங்கள் பூட்டன்மார் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எங்கள் லயன் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது பாட்டு.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். எழுத்துத் தெரியாது. ஆனால் கோயில் உபதேசியார் பாட்டின் நம்பரைச் சொன்னதும் பல்லவியை எடுத்துவிடுவார். இரவில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் அவர் பாட, பாடும் சொல் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடித் தேடித்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன். அப்படிப் படித்தவள்தான் அப்புறம் 31 வருடம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்.

பாடத் தகுந்த புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவரைக் கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். பாட்டின் தலையில் ராகமும் தாளமும் இருக்க வேண்டும். ‘ஆனந்தபைரவி, ஆதி’ என்று போட்டிருந்தால் போதும், கேட்டே இராத பாட்டையும் எங்கள் பழைய பாடகர் குழுத் தலைவர் மெல்ல முனகிப் பார்த்து ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டு என்றால் அடிக்கு எத்தனை அசை என்ற கணக்கு. அது ஒத்துப்போனால் தெரிந்த ஒரே ராகத்தில் தெரியாத பத்துப் பாட்டைப் பாடலாம். சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய மறுபதிப்பில் ராகப் பெயர்களையே எடுத்துவிட்டார்கள். தைக்காமல் பசையில் ஒட்டிய புத்தகம், ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

சரணங்களும் முழுதாக இருக்க வேண்டும். துக்க வீட்டில் பாடும் பாட்டுகளில் முதல் சரணங்கள் பெரும்பாலும் அழுகையாகவே போகும், ஆறுதல் கடைசியில்தான் வரும். என் கணவரை அடக்கம் செய்த அன்று கோயிலில் இரண்டு சரணத்தோடு பாட்டை முடித்தார்கள். ஆறுதல் வருவதற்குள் திரையில் அடுத்தது வந்துவிட்டது. மீதியை வீட்டுக்கு வந்து நான் தனியே பாடினேன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அது இயேசுவின் பாடுகளை நினைக்கும் லெந்து காலம். மாலை ஆராதனையில் திரையும் இல்லை, கீபோர்ட்டும் இல்லை. அந்த அலுமாரியைத் திறந்து நாற்பது பேருக்குப் பதினொரு புத்தகம் எடுத்தோம். எங்கள் வாலிபப் பிள்ளைகள் நம்பரைப் பார்த்துப் பக்கம் புரட்டப் பழகியது அந்தக் கிழமைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டிசம்பரும் தங்கள் இதழில் நுவரெலியாவில் துரைமார் கட்டிய கோயிலின் படம் வருகிறது. அழகான கோயில்தான். தகரக் கூரை போட்ட தோட்டத்துக் கோயில் ஒன்றின் படத்தையும் போடச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை.

எங்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் என் சின்னம்மா குடும்பம் கோத்தகிரிக்குப் போனது. அட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது தன் கீர்த்தனைப் புத்தகத்தை அம்மா கையில் வைத்து, “அங்க காசு குடுத்தா கெடைக்கும் அக்கா, இங்க கெடைக்காது” என்றார். எதுவுமே கிடைக்காத எழுபதுகள் அவை. அதன் முன்தாளில் எங்கள் குடும்பத்தில் பிறந்தவர்கள், இறந்தவர்கள் எல்லோருடைய தேதியும் இருக்கிறது. பிரஜாவுரிமை இல்லாதிருந்த எங்கள் பெயர்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்த இடம் அது.

தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் புத்தகத்தின் கடைசி மூன்று தாள்கள், ராக அட்டவணை இருந்த தாள்கள், கிழிந்து போய்விட்டன. ராகப் பெயரோடு கூடிய பழைய பதிப்பு வைத்திருக்கும் வாசகர் யாராவது அந்தப் பக்கங்களைப் போட்டோகொப்பி எடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால் நானே வந்து வாங்கிக்கொள்வேன், செலவையும் கொடுத்துவிடுவேன். கடிதம் முழுவதையும் போட இடமில்லையென்றால் இந்தக் கடைசிப் பத்தியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
பொகவந்தலாவை.