ஆறு சென்டிமீட்டர் துளை

தருமபுரி

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பெங்களூரு நேர்முகத் தேர்வில் உன்னிடம் கேட்ட கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கோளத்தின் மையம் வழியே நேராக உருளை வடிவத் துளை இடுகிறார்கள்; துளையின் நீளம் 6 சென்டிமீட்டர்; எஞ்சிய பகுதியின் கன அளவு என்ன? ஆரத்தைக் கொடுக்காமல் எப்படிக் கேட்கலாம் என்று கோபப்பட்டாய். ஆரம் தேவைப்படாது என்பதே இந்தக் கணக்கின் உயிர்.

பர்கூர் கிரானைட் பட்டறையில் ஒரு கல் உருண்டையைத் துளையிட்டு, உள்ளிருந்து வரும் தண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள். அதன் இரு முனைகளும் தட்டையாக இராமல், உருண்டையின் மேற்பரப்போடு குவிந்திருக்கும். அந்த இரண்டு தொப்பிகளும் கல்லை விட்டுப் போய்விடுவதால், உருளையை மட்டும் கழிப்பவர்களுக்கு விடை தப்பிவிடும். 6 என்பது எஞ்சி நிற்கும் வளையத்தின் உயரம்.

மையத்திலிருந்து துளையின் விளிம்புக்கு ஒரு கோடு இழு. அது கோளத்தின் ஆரம். விளிம்பு மையத்திலிருந்து 6-இல் பாதியான 3 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், பிதாகரஸ் தேற்றப்படி, துளை ஆரத்தின் வர்க்கம் கோள ஆரத்தின் வர்க்கத்தைவிட 9 குறைவு. இனி, மையத்துக்கு மேலே ஏதேனும் ஓர் உயரத்தில் குறுக்கே வெட்டினால், வெளிவட்ட ஆரத்தின் வர்க்கம் கோள ஆரத்தின் வர்க்கத்தைவிட அந்த உயரத்தின் வர்க்கம் அளவுக்குக் குறையும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது கோளத்தின் ஆரம் அடிபட்டுப்போய், 9-இலிருந்து உயரத்தின் வர்க்கத்தைக் கழித்துப் பையால் (π) பெருக்கியதே வளையத்தின் பரப்பு என்று நிற்கும். 3 சென்டிமீட்டர் ஆரமுள்ள முழுக் கோளத்தை அதே உயரத்தில் வெட்டினாலும் இதே பரப்புதான். ஒவ்வொரு மட்டத்திலும் பரப்பு சமமானால் கன அளவும் சமம் என்பது 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கவலியரி வகுத்த விதி. எனவே விடை 36 பை, ஏறத்தாழ 113 கன சென்டிமீட்டர். பூமியையே துளைத்து 6 சென்டிமீட்டர் உயர வளையத்தை மட்டும் விட்டாலும் அதே 113தான். வளையத்தின் தடிப்பு ஓர் அணுவின் அளவுகூடத் தேறாது என்பதால் எந்தப் பட்டறைக்காரரும் அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளமாட்டார்.

விடை ஆரத்தைச் சார்ந்திராது என்று ஊகித்து, துளையின் அகலத்தைச் சுழியமாக்கி, 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள முழுக் கோளம் என்று உடனே சொல்லிவிடும் குறுக்கு வழியும் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கேள்வி கேட்டவரை நம்பி எடுத்த விடை அது, நிரூபணம் அன்று. அடுத்த முறை அந்த வழியில் விடையைச் சொல், ஊகம் என்பதையும் சேர்த்துச் சொல், பிறகு குறுக்குவெட்டை வரைந்து காட்டு.

துளையின் நீளம் 12 ஆனால் கன அளவு எத்தனை மடங்காகும் என்று போட்டு எழுது.

அன்புடன்,
அப்பா