கழுத்துத் தழும்பைக் கேட்ட சிஸ்டருக்கு

எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியருக்கும், 108 வண்டியில் வந்த இருவருக்கும், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும் இந்த நன்றி மடல்.

நாங்கள் பெண்ணாகரம் பக்கம். மகன் பிறந்தபோது எடை 2 கிலோ 700. ஒன்பதாம் நாள் சிஸ்டர் வீட்டுக்கு வந்து எடை போட்டால் 2 கிலோ 400. "பால் நல்லா குடிக்கிறானே, ஏம்மா இளைக்கிறான்?" என்றார். தூங்கவே மாட்டான், ஓயாமல் அழுவான், மார்கழிக் குளிரிலும் நெற்றி வேர்க்கும். சூடு என்று வீட்டில் சொன்னார்கள், நானும் விட்டுவிட்டேன். சிஸ்டர் அவன் நெஞ்சில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. அப்புறம் என் மஞ்சள் கயிற்றுக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டி, "இது எதுக்குப் பண்ணினது?" என்று கேட்டார்.

தைராய்டு அதிகமாகச் சுரந்ததால் நான்கு வருடம் முன்பு ஆபரேஷன் செய்து எடுத்தது. அந்தச் சுரப்புக்குப் பதிலாக இப்போது தினமும் தைராக்ஸின் மாத்திரை. கர்ப்பத்தில் நான் காட்டிய இடத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்து நார்மல் என்றார்கள். தழும்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தருமபுரி போய்ச் சேர்ந்தபோது இதயத் துடிப்பு 210. பச்சைக் குழந்தைக்கு 160 வரைதான் இருக்கலாமாம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்: "சுரப்பியைத்தான் எடுத்தாங்க கண்ணு. அதைத் தூண்டிவிட்ட ஆன்டிபாடி உன் ரத்தத்துல இன்னும் இருக்கு. நஞ்சுக்கொடி வழியா போய் இவன் தைராய்டையும் அதிகமாச் சுரக்க வைக்குது." இப்படி ஆன்டிபாடியால் தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கு கிரேவ்ஸ் நோய் என்று பெயராம்; எனக்கு இருந்தது அதுதான். அது உள்ள தாய்மாரின் பிள்ளைகளில் சிலருக்கே இப்படி வருமாம். கர்ப்பத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாமாம். என்னைப் போல ஆபரேஷன் ஆனவர்கள், தயவுசெய்து முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைப் பொடித்து, சிரிஞ்சில் அளந்து, என் கை நடுக்கம் நிற்கும்வரை பழக்கிய இரவு நேர நர்ஸம்மாவை மறக்க மாட்டேன். மூத்தவளுக்குக் களி கிண்டிப் போட்டுப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும் நன்றி.

என்னிடமிருந்து போன ஆன்டிபாடி கரையக் கரைய மருந்தைக் குறைத்து, பத்தாவது வாரம் நிறுத்திவிட்டார்கள். நேற்று எடை 5 கிலோ 300. சிஸ்டர், அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது நீங்களே தூக்கிப் பாருங்கள்.