ஈஸ்டரோட எல்லாத்தையும் மூட்டை கட்டிடாதீங்க: பங்குத் திருவழிபாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பங்குத்தந்தையர்களுக்கும், திருவழிபாட்டுக் குழு, பாடகர் குழு, அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு)னு பங்குகள்ல பொறுப்பெடுத்து உழைக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். தவக்காலம் வந்தா ஒரு பங்கு எப்படி மாறுதுன்னு உங்களுக்கே தெரியும். திருநீற்றுப் புதன்ல ஆரம்பிச்சு வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை, ஒருசந்தி, தியானம், பாவசங்கீர்த்தனம், குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளின்னு எல்லாம் ஒழுங்கா நடக்குது, வருஷம் முழுக்க கோயில் பக்கம் வராதவங்ககூட வர்றாங்க, இதுக்குப் பின்னாடி இருக்கிற உங்க உழைப்பு சின்ன உழைப்பு இல்ல. ஆனா ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிஞ்ச கையோட அத்தனையும் நின்னுபோயிடுது. திங்கக்கிழமை பூசைக்கு வழக்கமா வர்ற சிலபேர் மட்டும்தான். பாடகர் குழுவுக்கு லீவு. நாப்பது நாள் எதுக்காகத் தயாரிச்சோமோ அந்த ஐம்பது நாள் கொண்டாட்டத்தை ஒரே காலைல முடிச்சிட்டுப் போயிடுறோமே, இது எனக்கு உண்மையிலேயே வலிக்குது, அதனாலதான் எழுதுறேன்.

திருச்சபை கேக்குறது இது இல்ல. 1969ல ஆறாம் பவுல் திருத்தந்தை ஒப்புதல் குடுத்த வழிபாட்டு ஆண்டுக்கான பொது விதிமுறைகளை எடுத்துப் பாருங்க, உயிர்ப்பு ஞாயிறுல இருந்து, தூய ஆவி இறங்கி வந்ததைக் கொண்டாடுற பெந்தக்கோஸ்து வரைக்கும் உள்ள 50 நாளையும் ஒரே திருவிழாவா, ஒரு பெரிய ஞாயிறாவே கொண்டாடணும்னுதான் இருக்கு. இது அப்ப புதுசா வந்ததும் இல்ல, 325ல ஆயர்கள் கூடின நிசேயா சங்கமே இந்த நாள்கள்ல முழங்கால் போடாம நின்னுகிட்டே ஜெபிக்கணும்னு விதி போட்டுச்சு. அதுக்கும் நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெர்த்துல்லியன்ங்கிற ஆதித் திருச்சபை எழுத்தாளர் இந்த நாள்கள்ல நோன்பு இருக்கிறது கிடையாதுன்னு எழுதி வச்சிருக்கார். தவம் எவ்வளவு முக்கியமோ மகிழ்ச்சியும் அவ்வளவு முக்கியமான கடமைன்னு நினைச்ச ஆளுங்க அவங்க.

முதல்ல எண்கிழமையை, அதாவது ஈஸ்டர்ல ஆரம்பிக்கிற எட்டு நாளைக் கொஞ்சம் பாருங்க. எட்டு நாளும் பெருவிழா நிலையில இருக்கு, தினமும் 'உன்னதங்களிலே' புகழ்ப்பாட்டு பாடணும், பூசை முடிவுல அனுப்பி வைக்கும்போது ரெண்டு அல்லேலூயா சேர்த்துச் சொல்லணும். அந்த வார வெள்ளிக்கிழமைகூடப் பெருவிழாங்கிறதால வழக்கமான புலால் மறுப்பு அன்னைக்குக் கிடையாது, இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. அந்த வாரத்து நற்செய்தி வாசகங்களைப் பாருங்க, செவ்வாய்க்கிழமை கல்லறைகிட்ட அழுதுகிட்டு நிக்கிற மகதலா மரியாவை ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிடுறார், புதன்கிழமை எம்மாவுக்குப் போற வழி, வெள்ளிக்கிழமை திபேரியக் கடல் ஓரத்துல கரி அடுப்பு மூட்டி வச்சு சாப்பிட வாங்கன்னு சீடர்களைக் கூப்பிடுறார், வலைல 153 பெரிய மீன். எப்பேர்ப்பட்ட வாசகங்கள்! இதெல்லாம் காலியா கிடக்கிற பெஞ்சுகளுக்கு முன்னாடிதான் வாசிக்கப்படுது. அந்த ஒரு வாரம் மட்டுமாவது சாயங்காலப் பூசை வச்சு, வேலைக்குப் போறவங்க வர்ற மாதிரி நேரத்தை மாத்திக் குடுங்களேன்.

4ஆம் நூற்றாண்டுல எருசலேமுக்குத் திருப்பயணம் போன எஜேரியா எழுதினதை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். பாஸ்கா திருவிழிப்புல, அதாவது ஈஸ்டர் ராத்திரி வழிபாட்டுல, ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு அந்த எட்டு நாளும் ஆயர் கல்லறைக் கோயில்ல வச்சு அருளடையாளங்களோட மறைபொருளை விளக்குவாராம், கேக்குறவங்க போடுற ஆரவாரம் கோயிலுக்கு வெளியவும் கேக்குமாம். இன்னைக்கு நாம புதுசா ஞானஸ்நானம் வாங்குறவங்களுக்கு வெள்ளை உடுப்பு போட்டு, மெழுகுதிரி குடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிடுறோம், மறுவாரம் வந்தாங்களான்னு கேக்கக்கூட ஆள் இல்ல. இந்த ஐம்பது நாளும் முதல்ல அவங்களுக்குத்தான், வாரத்துக்கு ஒருநாள் அவங்களைக் கூப்பிட்டு உக்காரவச்சு அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு பேசுங்க, அதுக்குப் பெருசா எந்த ஏற்பாடும் வேண்டாம்.

அடுத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். தவக்காலத்துல மக்கள் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து பழகிட்டாங்க, அந்தப் பழக்கத்தை ஏன் சும்மா விடணும்? ஒளியின் பாதைன்னு ஒரு பக்தி முயற்சி இருக்கு, சிலுவைப்பாதை மாதிரியே 14 நிலைகள், காலியான கல்லறைல ஆரம்பிச்சு தூய ஆவி இறங்கி வர்றது வரைக்கும் உயிர்த்த ஆண்டவரோட நடந்து போறது. திருவழிபாட்டுப் பேராயம் 2001ல வெளியிட்ட பொதுமக்கள் பக்தி முயற்சிகள் பத்தின கையேட்டுல இதைப் பரிந்துரைக்கவே செஞ்சிருக்காங்க. சிலுவைப்பாதைல அவ்வளவு உருகி அழுற நம்ம மக்களுக்கு இதையும் குடுத்துப் பாருங்க, தோமா கையை நீட்டின இடத்துல, பேதுருவைப் பாத்து 'நீ என்னை அன்பு செய்கிறாயா'ன்னு மூணுதரம் கேட்ட இடத்துல அவங்களும் நிக்கட்டும். முக்கியமா வீட்ல சாவு நடந்து ஒரு வருஷம்கூட ஆகாதவங்க பெரிய வெள்ளியோட நின்னுடக் கூடாது, அவங்களுக்குத்தான் இது ரொம்ப வேணும்.

மே மாசம் மாதா வணக்க மாசம் ஆச்சே, அதுக்கே நேரம் சரியா இருக்குன்னு சிலர் சொல்வீங்க. நான் ரெண்டுக்கும் இடையில எந்தச் சண்டையும் பாக்கல. திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்துல மாடி அறைல சீடர்களோட உக்காந்து ஜெபிச்சது நம்ம தாய்தான். பாஸ்கா காலம் முழுக்க மூவேளை ஜெபத்துக்குப் பதிலா மாதாவை நோக்கின 'விண்ணக அரசியே' ஜெபம்தான் சொல்லணும், அதை ஜெபமாலை முடிவுல எல்லாரையும் நின்னு சொல்ல வச்சாலே போதும், ரெண்டும் ஒன்னாயிடும்.

பெந்தக்கோஸ்துக்கு முந்தின கடைசி ஒன்பது நாளை விட்டுடாதீங்க. எத்தனையோ புனிதர்களுக்கு நவநாள்னு ஒன்பது நாள் ஜெபம் எடுக்குறோம், ஆனா நவநாளுக்கெல்லாம் மூலமா இருக்கிற அந்த மாடி அறை ஜெபத்தை மறந்துட்டோம். பதிமூன்றாம் லியோ திருத்தந்தை 1897லயே எல்லாக் கோயில்லயும் பெந்தக்கோஸ்துக்கு முன்னாடி தூய ஆவிக்கு நவநாள் செய்யச் சொல்லிட்டார். விண்ணேற்றப் பெருவிழாவை வியாழன்ல இருந்து ஞாயிறுக்கு மாத்தி வச்சிருக்கிற இடங்கள்லயும் அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே நவநாளை ஆரம்பிச்சா கணக்கு சரியா வந்துடும். பெந்தக்கோஸ்து வரைக்கும் பாஸ்கா திரி (ஈஸ்டர் ராத்திரி ஏத்துற பெரிய மெழுகுதிரி) வாசக மேடைகிட்டயோ பீடத்துகிட்டயோ எரியட்டும், விண்ணேற்றத்தன்னைக்கே அணைச்சு எடுக்கிற பழைய முறை இப்ப கிடையாது.

அடுத்த தவக்காலத்துக்குப் புரோகிராம் அடிக்கும்போது அதே தாள்ல பெந்தக்கோஸ்து வரைக்கும் சேர்த்து அடிங்க, சிலுவைப்பாதைக்கு ஒவ்வொரு அன்பியத்துக்கும் பொறுப்பு பிரிச்சுக் குடுக்கிற அன்னைக்கே ஒளியின் பாதைக்கும் பிரிச்சுக் குடுத்துடுங்க. பாடகர் குழு லீவை பெந்தக்கோஸ்து முடிஞ்சு எடுத்துக்கட்டும்.

ஆண்டவர் உயிர்த்தெழுந்தார், அல்லேலூயா.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருவர்