அண்ணனுக்கு, தெப்பக்குளத்திலிருந்து

அன்புள்ள அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஏதோ ஓர் ஊரில் ஒருவர் ஓடி வந்து, கோட்டைத் தாண்டியதும் சரிந்து விழுகிறார். கீழே நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பத்து நிமிடத்தில் போன் வந்தது. "டாக்டரே ஓட வேண்டாம்னு சொன்ன பிறகும் என்னம்மா இது பிடிவாதம்?" என்றீர்கள். குக்கர் விசிலடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். குக்கர் ஒரு சாக்கு. உங்களோடு போனில் வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. எழுதினால் குறுக்கே பேச மாட்டீர்கள்.

வீட்டு விஷயத்தை ஊருக்கு முன்னால் எழுதுகிறாளே என்று அண்ணி நினைக்கலாம். என்னோடு மதுரைத் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடும் பெண்களுக்கும் இதே போன் வருகிறது. ஒருத்திக்கு மகனிடமிருந்து, இன்னொருத்திக்கு நாத்தனாரிடமிருந்து. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இருக்கட்டும்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். அப்பா போனபோது அவருக்கு 54 வயது. அன்று ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவரைப் பார்த்து வாயு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அம்மா ஓமவாட்டரைக் கலக்கிக் கொடுத்தாள். நீங்கள் முதுகைத் தடவிவிட்டீர்கள், நான் விசிறினேன். விடிவதற்குள் முடிந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு உங்களுக்கு ஸ்டென்ட் வைத்த அன்று, ஐ.சி.யூ. வாசலில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "இவரும் வாயுன்னுதான் சொன்னாரு." எனக்கு இப்போது 57. அப்பாவை வயதில் தாண்டி மூன்று வருடம் ஆகிறது. உங்கள் பயத்தை நான் கிண்டல் செய்வதாக மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் டிஸ்சார்ஜ் ஆன மறுவாரமே நான் போய் இதய டாக்டரைப் பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை. அப்பா கதை, உங்கள் கதை, நான் ஓடும் கதை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எக்கோவும் டி.எம்.டி.யும் எழுதிக் கொடுத்தார். டி.எம்.டி.தான் தெரியுமே, நெஞ்சு முழுக்க ஒயரை ஒட்டிவிட்டு டிரெட்மில்லில் ஏற்றுவார்கள், மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரை நாடித்துடிப்பைக் கொண்டுபோய்ப் பார்ப்பது வழக்கம். மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பெண் ஐந்தாவது நிமிடத்திலேயே "நிறுத்திடலாமா மேடம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். நரைத்த தலையைப் பார்த்த பரிதாபம்.

டெஸ்ட் நார்மல். ஆனால் டாக்டர் அதோடு விடவில்லை. ரத்தக்குழாய் ஏற்கெனவே நன்றாகச் சுருங்கியிருந்தால்தான் இந்த டெஸ்டில் தெரியும், சின்னக் கொழுப்புப் படிவு ஒன்று திடீரென்று வெடித்து அடைப்பதை இது முன்கூட்டிச் சொல்லாது என்றார். அதனால் கொழுப்புக்கு மாத்திரை தினமும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. நெஞ்சில் பாரம், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத வாந்தி உணர்வு, வழக்கத்தில் இல்லாத களைப்பு, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். சரிங்க டாக்டர் என்றேன். ஆக, இதய டாக்டர் என்னை ஓட வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சொன்னவர் எலும்பு டாக்டர். நீங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டீர்கள்.

எலும்பு டாக்டர் கதை இது. வலது முட்டி வலிக்கிறது என்று 2022இல் போனேன். எம்.ஆர்.ஐ. எடுத்தார். படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தேய்மானம் இருக்கிறது, உள்ளே இருக்கும் சவ்வும் கிழிந்திருக்கிறது, ஓடுவதை விட்டுவிட்டு நீச்சல் போங்கள் என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மதுரையில் 54 வயதுப் பெண்மணி தினமும் காலையில் எங்கே போய் நீச்சலடிப்பது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான்கு மாதம் ஓடவில்லை. முட்டி வலி குறைந்திருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். குறையவில்லை. நாலு கிலோ ஏறியது, மாடிப்படி ஏறினால் முட்டி இன்னும் பிடித்தது, ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அந்தப் பெண் படத்தைப் பார்க்கும் முன் என்னைப் பார்த்தாள். ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்காரச் சொன்னாள். வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து கடகடவென்று ஆடியது. "உங்க இடுப்புத் தசை வேலையே செய்யலம்மா. அது செய்ய வேண்டிய வேலையை முட்டி செய்யுது" என்றாள். பன்னிரண்டு வருடம் ஓடியவளுக்கு இது அவமானமாக இருந்தது.

கிழிந்த சவ்வு பற்றியும் அவள்தான் சொன்னாள். அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்ற ஊரில், 50 வயது தாண்டியவர்களின் முட்டிகளைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2008இல் வெளிவந்த ஆய்வு. சவ்வு கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ கிடையாது. படத்தில் தெரியும் கிழிசலும் நமக்கு இருக்கும் வலியும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. முட்டிக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே இல்லையாம். பஞ்சை அழுத்திவிட்ட மாதிரி, எடை விழுந்து விலகும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வருவதுதான் அதற்குச் சாப்பாடு. சும்மா வைத்திருந்தால் முட்டி பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், பட்டினி போட்டிருக்கிறேன்.

மூன்று மாதம் மாடிப்படியில் ஏறி இறங்கி, குதிகாலைத் தூக்கி இறக்கி, ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பத்துக்கு மூன்று மார்க் அளவு வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலை மிச்சமிருந்தால் அன்று லீவு. இன்றுவரை அதே சட்டம்தான். எலும்பு டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. ஓடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். எப்படி ஓடலாம் என்று கேட்டிருக்க வேண்டும்.

1984 நினைவிருக்கிறதா அண்ணே? எனக்குப் பதினாறு வயது. லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்ட செய்தி வந்த பேப்பரை, நீங்கள் படித்துவிட்டு என் மடியில் போட்டீர்கள். ஒரு வாரம் நான் ஸ்கூல் கிரவுண்டில் சாயங்காலம் ஓடினேன். வயசுக்கு வந்த பொண்ணு என்று அம்மா நிறுத்திவிட்டாள். நீங்கள் அப்போது ஒன்றும் பேசவில்லை. சும்மா சொல்கிறேன், குறையாக இல்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான்.

அதே ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு மாரத்தான் முதல்முறையாக வைத்தார்கள். 1928இல் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப்போனார்கள் என்பதைக் காட்டி, 1960 வரை அந்தப் பந்தயத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். நம் அம்மா மாதிரி நிறையப் பேர் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். அந்த முதல் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் ஜெயித்தவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். அமெரிக்க அணியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டத்துக்கு 17 நாள் முன்னால்தான் அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 2019இல், 61 வயதில், பாஸ்டனில் 3 மணி 4 நிமிடத்தில் ஓடி முடித்தார். நான் அந்த ஜாதி இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன், பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்கள் சில நாள் என்னை முந்துவார்கள்.

உஷா ஓடுவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னால், ஜூலை 20 அன்று, ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர் ஓடும்போது விழுந்து இறந்தார். ஊரையே ஓடச் சொல்லிப் புத்தகம் எழுதியவர். 52 வயது. உங்கள் வீடியோக்களுக்கெல்லாம் மூலக்கதை அவர்தான். அவருடைய அப்பா 43 வயதில் மாரடைப்பில் போனவர். பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக்குழாய்கள் மோசமாக அடைத்திருந்தது தெரிந்தது. மாரத்தான் ஓடுபவருக்கு இதய அடைப்பே வராது என்று டாக்டர் ஒருவரே அந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், நம்பினவர்களும் உண்டு. அப்பா கதையைச் சுமந்துகொண்டு ஓடும் நான், ஃபிக்ஸை நினைத்துத்தான் வருடாவருடம் டாக்டரிடம் போகிறேன்.

அதே 1984இல் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃபிரைஸ் என்ற டாக்டர், 50 வயது தாண்டிய ஓட்டக்காரர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் சேர்த்து, ஓடாத இன்னொரு கூட்டத்தோடு வைத்துக் கவனிக்க ஆரம்பித்தார். 19 வருடம் கழித்துப் பார்த்தபோது ஓடியவர்களில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஓடாதவர்களில் 34. ஆரோக்கியமாக இருப்பவர்தானே ஓடப் போவார் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, முழு வித்தியாசமும் ஓட்டத்தால் என்று நானும் சொல்லவில்லை. விழுந்து சாகும் கணக்கும் இருக்கிறது. 2000 முதல் 2010 வரை அமெரிக்க மாரத்தான், அரை மாரத்தான்களில் ஓடியவர்கள் 1 கோடியே 9 லட்சம் பேர். இதயம் நின்றது 59 பேருக்கு. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். உங்கள் போனுக்கு வந்து சேர்வது அந்த 42 பேரின் வீடியோக்கள். மிச்சப் பேர் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

இன்னொன்று. தமிழக அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடியவர், உங்களைவிட மூத்தவர், சாலை விபத்தில் முட்டி உடைந்தவர். அவரைப் பற்றி நீங்களே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், "என்னா மனுஷன்!" என்று எழுதி. அவர் ஓடினால் மனுஷன், நான் ஓடினால் பிடிவாதமா?

நீங்கள் திட்ட ஒரு விஷயம் நானே தருகிறேன். போன வருடம் கத்தரி வெயிலில், முந்தின ராத்திரி கல்யாண வீட்டில் கண்விழித்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர்கூட இல்லாமல் காலை ஏழு மணிக்கு ஓடப் போனேன். ஆறாவது சுற்றில் வடகரைப் படிக்கட்டுப் பக்கம் கண் இருட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அருகம்புல் ஜூஸ் விற்கிற அம்மா ஓடி வந்து முந்தானையை நனைத்து என் பிடரியில் வைத்தார். வெயில் மயக்கம்தான், அன்றே போய் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டேன். முழுக்க என் தப்பு. இப்போது சித்திரை, வைகாசியில் ஆறேகாலுக்கு மேல் ஓடுவதில்லை, தூக்கம் கெட்ட மறுநாள் நடை மட்டும்.

இத்தனையும் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள். தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் வெட்டிய அளவுக்கு ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். முதல் சுற்றில் முட்டி முனகும். இரண்டாவதில் மகளுக்கு வந்த வரன், எல்.ஐ.சி. பிரீமியம், உங்கள் வீடியோ எல்லாம் கூடவே ஓடி வரும். மூன்றாவதில் தெற்குக் கரை திரும்பும்போது மூச்சு தானாகச் சீராகும். நடு மண்டபத்துக்குப் பின்னால் வானம் வெளுத்து, தண்ணீரில் கோபுரம் தலைகீழாகத் தெரிய ஆரம்பிக்கும். என் ஷூ சத்தம் மட்டும் கேட்கும். திண்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தா தினமும் கேட்பார், "யாரு துரத்துறாங்க தாயி?" அப்பாதான் என்று சொல்லத் தோன்றும். சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அடுத்த மாதம் சித்தி பேரன் காதுகுத்துக்கு வருகிறீர்கள் அல்லவா. நம் வீட்டில்தான் தங்க வேண்டும். காலை ஐந்தேகாலுக்கு எழுப்புவேன். உங்கள் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், நீங்கள் நடப்பதில்லை, அண்ணி எல்லாம் சொல்லிவிட்டார். நீங்கள் ஒரு சுற்று நடங்கள், அதற்குள் நான் இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து உங்களைப் பிடித்துக்கொள்கிறேன். கிழக்குக் கரையில் பருத்திப்பால் வண்டி நிற்கும். உங்கள் சுகருக்கு அரை டம்ளர்தான். அதையும் அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் தங்கை