வேலூர் மலை எரிமலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார இதழில் வேலூரைச் சுற்றியுள்ள மலைகளை ‘அணைந்துபோன எரிமலைகள்’ என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊர் வெயிலுக்கும் அதுவே காரணமாம்! கோட்டைக்குக் கிழக்கே நிற்கும் மலைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் இங்கே இருப்பவை நைஸ், சார்னோகைட் போன்ற பாறைகள். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, மேலே இருந்த மண்ணும் கல்லும் கரைந்தபின் வெளியே தெரிபவை. ‘கருப்பு கிரானைட்’ என்று குவாரிகளில் வெட்டி விற்கிறார்களே, அதில் பெரும்பாலானது டாலரைட். உருகிய குழம்புதான், ஆனால் பாறை வெடிப்புகளுக்குள்ளேயே இறுகிவிட்டது.

நிஜமான எரிமலைக் கல் வேண்டுமென்றால் மேற்கே கோலார் தங்கவயலுக்குத்தான் போக வேண்டும். வடாற்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய் உடைத்த கல் அது. என் தாத்தாவும் போனவர்தான். வரும்போது கொண்டுவந்த கருப்பான ஒரு துண்டைப் பாட்டி ஊறுகாய் ஜாடி மூடியின் மேல் பாரத்துக்கு வைத்திருந்தார். கையளவுதான், தூக்கினால் கனக்கும். அதை ஆம்ஃபிபோலைட் என்பார்கள் என்று நான் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த பசால்ட் குழம்பு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி அப்படி ஆனது. அதன் ஊடே ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பில் தங்கம். அந்த நரம்பைத் தேடி 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். தாத்தாவின் இருமல் மட்டும் கடைசிவரை மூடவே இல்லை.

அந்தக் குழம்பு எங்கே வழிந்தது தெரியுமா? தண்ணீருக்கடியில். சூடான குழம்பு நீர் பட்டவுடன் மேல்தோல் இறுகி, தலையணை தலையணையாக உருளும். அப்படிப்பட்ட தலையணைப் பாறைகளையும் எரிமலை உமிழ்ந்த துண்டுப் பாறைகளையும் தங்கவயலை ஒட்டிய பெத்தப்பள்ளியில் இன்றும் காணலாம். இந்திய புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏலகிரிக்கு அழைத்துப் போகிறவர்கள் ஒரு தடவை அங்கேயும் போகலாம்.

அடுத்த இதழில் பெத்தப்பள்ளிப் பாறையின் படம் ஒன்று போடுங்கள். திருத்தம் என்று தனியாகப் போடக்கூட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
குடியாத்தம்